ஈயையும் சேர்த்து அடித்த காப்பி

ஒரு குமாஸ்தாவிடம் பழைய கடிதம் ஒன்றைக் கொடுத்து, "அப்படியே பிரதி எடு" என்றார்களாம். அந்தக் கடிதத்தில் ஓரிடத்தில் ஓர் ஈ நசுங்கி ஒட்டிக்கொண்டிருந்தது. குமாஸ்தாவும் ஓர் ஈயைத் தேடிப்பிடித்து அடித்து, பிரதியில் அதே இடத்தில் ஒட்டிவைத்தார். 'ஈயடிச்சான் காப்பி' என்ற பேச்சுக்குச் சொல்லப்படும் கதை இது. வெகுஜன நாவல் ஒன்று ஓடியதும் அதன் சாயலில் இருபது முளைப்பது எப்படி, அவற்றில் பல ஏன் படுத்துவிடுகின்றன என்று விளக்க எனக்குத் தெரிந்து இதைவிடப் பொருத்தமான உதாரணம் இல்லை.

இதைப் பற்றிய பேச்சு பெரும்பாலும் "காப்பி" என்ற ஒரே சொல்லில் முடிந்துவிடுகிறது. துப்பறிவாளருக்கு ஒரு நண்பர் இருந்தால் காப்பி. மாயப்பள்ளி வந்தால் காப்பி. இன்னொரு பக்கம், வரிக்கு வரி எடுத்தாண்டவரும் "எல்லாருமே யாரையோ பார்த்துத்தானே எழுதுகிறார்கள்" என்று தப்பித்துக்கொள்கிறார். முதல்நூல், வழிநூல், சார்புநூல் என்று பிரித்துப் பேசிய மொழி நம்முடையது. முன்னோர் முடிபை ஏற்று, பின்னோன் தான் வேண்டும் வேறுபாட்டையும் சொல்வது வழிநூல் என்கிறது நன்னூல். அது சாத்திர நூல்களுக்குச் சொன்ன இலக்கணம்தான், கதைக்கென்று எழுதப்பட்டதல்ல. ஆனாலும் 'காப்பி' என்ற ஒற்றைச் சொல்லைவிட அது எவ்வளவோ தெளிவு.

மூன்று அடுக்குகள்

ஒரு தெருவில் பத்து வீடுகள். எல்லாவற்றுக்கும் வாசல், ஜன்னல், கூரை உண்டு. அதற்காக யாரும் யாரையும் காப்பி அடித்ததாகச் சொல்வதில்லை. இப்போது ஏழாம் வீட்டுக்காரர் மூன்றாம் வீட்டின் வரைபடத்தைக் கையில் வைத்துக்கொண்டு, அறைக்கு அறை அதே அளவில், மாடிப்படியையும் அதே மூலையில் வைத்துக் கட்டுகிறார். பார்ப்பவர்களுக்கு உறுத்தும். பத்தாம் வீட்டுக்காரரோ இரவோடு இரவாக மூன்றாம் வீட்டுச் செதுக்குக் கதவைக் கழற்றி வந்து தன் வாசலில் மாட்டிவிடுகிறார். அது திருட்டு; விவாதத்துக்கு இடமில்லை.

கதையிலும் இந்த மூன்றும் உண்டு.

வாசலும் ஜன்னலும் போன்றது வகைமை. ஒரு வாசகர் முதல் பக்கத்தைத் திருப்பும் முன்பே எதிர்பார்த்து வரும் அம்சங்களின் தொகுப்பு அது. துப்பறியும் கதை என்றால் ஒரு குற்றம், சில சந்தேக நபர்கள், கடைசியில் ஒரு விடை. காதல் கதை என்றால் சேரத் தடை, பிறகு சேர்தல். இந்த எதிர்பார்ப்புகளை ஒவ்வொன்றாகப் பிரித்தால் கிடைப்பதை மரபுக்கூறு எனலாம்: பாழடைந்த மாளிகை, தொலைந்த வாரிசு, கண்டெடுத்த கையெழுத்துப் பிரதி என்பவை மாதிரி.

வரைபடம் போன்றது கட்டமைப்பு. எந்தச் சம்பவத்துக்குப் பின் எது வருகிறது, எந்தப் பாத்திரத்துக்கு என்ன வேலை, எந்தச் செய்தி எப்போது வெளிப்படுகிறது என்ற ஏற்பாடு.

செதுக்குக் கதவு போன்றது வெளிப்பாடு. குறிப்பிட்ட வாக்கியங்கள், உரையாடல்கள், ஒரு பாத்திரத்தை இன்னார் என்று காட்டும் நுணுக்கமான விவரங்கள்.

சுருக்கமாக: வகைமை பொதுச் சொத்து, கட்டமைப்பு இடைப்பட்ட நிலம், வெளிப்பாடு தனிச் சொத்து. "காப்பி" என்று யாராவது சொன்னால், எந்த அடுக்கில் என்று திருப்பிக் கேட்டால் பாதிச் சண்டை அங்கேயே தீர்ந்துவிடும்.

நேற்றைய ஈ, இன்றைய மரபு

மரபுக்கூறுகள் வானத்திலிருந்து விழுவதில்லை. ஒவ்வொன்றையும் யாரோ ஒருவர் முதலில் செய்திருப்பார். 1764-ல் லண்டனில் ஹோரஸ் வால்போல் 'தி காசில் ஆஃப் ஒட்ரான்டோ' என்ற கதையைத் தன் பெயர் போடாமல், பழைய இத்தாலிய நூலொன்றின் மொழிபெயர்ப்பு என்று சொல்லி வெளியிட்டார். கதை எடுபடுமோ என்ற தயக்கம். எடுபட்டதும் 1765-ல் வந்த இரண்டாம் பதிப்பில் எழுதியது தான்தான் என்று ஒப்புக்கொண்டு, இடைக்காலத்தைச் சுட்டும் 'கோதிக்' என்ற அடைமொழியையும் சேர்த்தார். கோட்டை, மர்மம், பழைய ஏடு என்ற சேர்க்கை அடுத்த அரை நூற்றாண்டுக்குத் தேய்ந்துபோகும் அளவுக்கு ஓடியது. ஜேன் ஆஸ்டன் இந்த மோகத்தைக் கிண்டல் செய்து எழுதிய நாவலில் ஒரு பாத்திரம் ஏழு திகில் நாவல்களின் பெயரை அடுக்குவாள். தலைப்புகள் அவ்வளவு மிகையாக இருந்ததால் அவை ஆஸ்டனின் கற்பனை என்றே பின்னால் பலர் நினைத்தார்கள். ஏழும் உண்மையில் அச்சான புத்தகங்கள்!

1719-ல் வந்த 'ராபின்சன் குருசோ'வுக்குப் பின் தீவில் தனியாக மாட்டிக்கொள்ளும் கதைகள் எவ்வளவு பெருகின என்றால், 1731-லேயே ஜெர்மன் எழுத்தாளர் ஷ்னாபெல் அவற்றுக்கு 'ராபின்சனாடே' என்று தனிப்பெயர் வைத்துவிட்டார். பன்னிரண்டே ஆண்டுகள். போலி என்று ஏளனம் செய்யப்படுவது போதுமான எண்ணிக்கையில் வந்துவிட்டால், அதற்கு ஒரு பெயர் கிடைத்து வகைமை ஆகிவிடுகிறது.

அலை எப்படி எழுகிறது

முன்பின் தெரியாத ஊர். பக்கத்துப் பக்கத்தில் இரண்டு முடிதிருத்தகங்கள். ஒன்றில் ஆறு பேர் காத்திருக்கிறார்கள், மற்றதில் யாரும் இல்லை. கூட்டம் இருக்கும் இடத்துக்குத்தான் போகத் தோன்றும். அந்த ஆறு பேரில் ஐந்து பேரும் இதே காரணத்துக்காக உள்ளே போனவர்களாக இருக்கலாம் என்பது அப்போது நினைவுக்கு வராது. இப்படி முன்னவர் தேர்வையே தகவலாக எடுத்துக்கொண்டு பின்னவர் தேர்ந்தெடுப்பதை 'தகவல் அருவி' என்பார்கள். பிக்சந்தானி, ஹிர்ஷ்லைஃபர், வெல்ச் என்ற மூன்று பொருளியலாளர்கள் 1992-ல் இதை ஒரு கோட்பாடாக எழுதினார்கள்.

இதற்கு ஒரு நல்ல சோதனையும் உண்டு. சல்கானிக், டாட்ஸ், வாட்ஸ் மூவரும் 2006-ல் வெளியிட்டது. அதிகம் அறியப்படாத குழுக்களின் 48 பாடல்களை இணையத்தில் வைத்தார்கள்; 14,000-க்கும் மேற்பட்டவர்கள் கேட்டார்கள். ஒரு பிரிவினருக்கு மற்றவர்கள் எதைப் பதிவிறக்கினார்கள் என்பது தெரியாது. மற்றவர்களைத் தொடர்பில்லாத எட்டுத் தனி உலகங்களாகப் பிரித்து, அந்தந்த உலகத்தின் பதிவிறக்க எண்ணிக்கையை மட்டும் காட்டினார்கள். எட்டு உலகங்களிலும் வெற்றிப் பட்டியல் வெவ்வேறாக வந்தது. எண்ணிக்கை தெரியாதவர்களின் கணிப்பில் 26-ஆம் இடத்தில் இருந்த ஒரு பாட்டு, ஓர் உலகத்தில் முதலிடம். இன்னோர் உலகத்தில் 40-ஆம் இடம். மிக நல்லது அடியோடு விழுந்தது அபூர்வம், மிக மோசமானது உச்சிக்குப் போனதும் அபூர்வம். நடுவில் உள்ளவற்றின் கதி மட்டும் யாராலும் சொல்ல முடியாததாக இருந்தது.

பதிப்பாளரின் சங்கடம் இங்கேதான் பிறக்கிறது. அடுத்து எது ஓடும் என்று அவருக்கும் தெரியாது. ஓடிவிட்ட ஒன்றைப் பற்றி மட்டும் உறுதியாகத் தெரியும். ஆகவே கையெழுத்துப் பிரதியை விற்க வருபவரிடம் ஒப்பீட்டு நூல் கேட்பார்கள்; அதாவது, "இன்ன புத்தகத்தை விரும்பியவர்களுக்கு இது பிடிக்கும்" என்று காட்ட, அண்மையில் விற்ற ஒன்றிரண்டு தலைப்புகள். அட்டைப்படம், பின்னட்டை வாசகம், அடுக்கில் வைக்கும் இடம் எல்லாம் அதை ஒட்டியே தீர்மானமாகும். வாசகர் பக்கத்திலும் பசி இருக்கிறது. பிடித்த கதை முடிந்ததும் அவர் தேடுவது "அதே மாதிரி இன்னொன்று". அதையே மறுபடி கொடுத்தால் கோபித்துக்கொள்வார்; முற்றிலும் வேறாகக் கொடுத்தால் வாங்கமாட்டார்.

தாமதக் கணக்கு

புதியவர்கள் அதிகம் ஏமாறும் இடம் இது. ஒரு நாவல் எழுத ஆறு மாதத்திலிருந்து ஒரு வருடம் என்று வைத்துக்கொள்ளுங்கள். ஒப்பந்தமாகி, செம்மையாக்கி, அச்சாகிக் கடைக்கு வர அச்சுப் பதிப்புலகில் பொதுவாக இன்னும் ஒன்று முதல் இரண்டு ஆண்டுகள். ஆக, ஒரு வெற்றியைப் பார்த்து இன்று எழுத உட்காருபவரின் புத்தகம் ஒன்றரை முதல் மூன்று ஆண்டுகள் கழித்தே வாசகர் கைக்கு வரும்.

இதிலிருந்து இரண்டு விஷயங்கள் தெரிகின்றன. முதலாவது: வெற்றி வந்து ஓராண்டுக்குள் தென்படும் "போலிகள்" பல போலிகளே அல்ல. ஏற்கெனவே எழுதிக் கிடந்தவை. அலை வந்ததும் அதன் நிறத்தில் அட்டை போட்டுக்கொண்டு வெளியே வந்தவை. 'தி ஹங்கர் கேம்ஸ்' 2008-ல் வந்தது, 'தி மேஸ் ரன்னர்' 2009-ல். இரண்டிலும் பதின்ம வயதினரைப் பெரியவர்கள் ஓர் அடைப்புக்குள் தள்ளுகிறார்கள். ஆனால் இரண்டாவது நாவலை அதன் ஆசிரியர் எழுதத் தொடங்கியது 2005 இறுதியில்.

இரண்டாவது: உண்மையான போலிகள் வரும்போது வாசகர் சலித்திருப்பார். திருவிழா முடிந்து பந்தல் பிரிக்கும் நேரத்தில் பலூன் விற்க வந்தவர் கதைதான். அலையைத் துரத்தி எழுதாதீர்கள் என்று அனுபவமுள்ள பதிப்பாசிரியர்கள் சொல்வதற்குக் காரணம் ஒழுக்கமல்ல, நாட்காட்டி.

தொடர்கதைகளை எழுதுபவர்களே நேராகப் பதிவேற்றும் இணையத் தளங்களில் இந்த இடைவெளி சில வாரங்களாகச் சுருங்குகிறது. அதனால் அலை சீக்கிரம் எழுந்து சீக்கிரம் நெரிசலாகிறது. வேற்றுலகில் போய்ப் பிறக்கும் 'இசெகாய்' கதைகள் ஜப்பானில் அப்படிக் குவிந்து, 2016-ல் ஒரு சிறுகதைப் போட்டியில் அந்த வகையே ஏற்கப்படாது என்று விதி போடும் நிலை வந்தது.

இதுவரை சொன்னது: வெற்றி ஓரளவு தற்செயல், தெரியாததைக் கண்டு பயந்து எல்லாரும் தெரிந்ததைப் பிடிக்கிறார்கள், பிடித்துக் கொண்டுவரும்போது காலம் கடந்திருக்கிறது.

ஈ எது, எழுத்து எது

காலம் தவறாமல் வந்தாலும் பல போலிகள் தோற்கின்றன. காரணம், கண்ணுக்குத் தெரிவதை எடுத்துக்கொண்டு வேலை செய்வதை விட்டுவிடுவது. புலியைப் பார்த்துப் பூனை சூடு போட்டுக்கொண்டதாகச் சொல்வோமே, அதேதான்.

ஷெர்லாக் ஹோம்ஸை எடுத்துக்கொள்வோம். 1887-ல் முதல் நாவல் வந்தபோது பெரிய பரபரப்பில்லை. 1891 ஜூலையிலிருந்து 'ஸ்ட்ராண்ட்' மாத இதழில் சிறுகதைகளாக வந்தபோதுதான் வெடித்தது. பார்த்தவர்கள் எதை எடுத்தார்கள்? விசித்திரப் பழக்கங்கள், பார்த்தவுடன் ஆளின் ஊர், தொழிலைச் சொல்லும் வித்தை, வியந்து நிற்கும் நண்பர். ஆனால் அங்கே உண்மையில் வேலை செய்த பொறி இரண்டு. ஒன்றை ஹோம்ஸைப் படைத்த கோனன் டாயிலே பின்னாளில் விளக்கியிருக்கிறார்: தொடர்கதையில் ஓர் இதழ் தவறினால் வாசகர் கைவிட்டுப் போய்விடுவார், ஆனால் ஒரே நாயகன், ஒவ்வோர் இதழிலும் முடிந்துவிடும் கதை என்றால் எங்கே நுழைந்தாலும் படிக்கலாம், அடுத்ததற்கும் காத்திருக்கலாம். இரண்டாவது பொறி, கதையைச் சொல்லும் அந்த நண்பர் வாட்சன். ஹோம்ஸ் பார்க்கும் தடயங்களில் பெரும்பாலானவற்றை அவரும் பார்ப்பார், ஆனால் அர்த்தம் புரியாது. வாசகரின் கண்ணைத் திறந்துவைத்துக்கொண்டே விடையை மறைக்கும் தந்திரம் அது. வாட்சனை வெறும் துதிபாடியாக்கிய போலிகளில் இந்தப் பொறி ஓடவில்லை.

1893 டிசம்பரில் ஹோம்ஸ் கொல்லப்பட்டதும் அந்த இதழில் ஓர் இடம் காலி. 1894-ல் ஆர்தர் மாரிசன் எழுதிய மார்ட்டின் ஹூவிட் கதைகள் வந்தன. அதே இதழ், அதே ஓவியர் சிட்னி பேஜட், இதழுக்கு ஒரு முழுக்கதை என்ற அதே ஏற்பாடு. ஆள் மட்டும் நேர்மாறு: கொஞ்சம் பருத்த, சிரித்த முகமுள்ள, எவருடனும் பழகிவிடும் சாதாரண மனிதர். ஹோம்ஸின் புகழை அவர் எட்டவில்லைதான். இருந்தாலும் எதை எடுக்க வேண்டும், எதை விட வேண்டும் என்று தெரிந்து செய்த வேலை.

இதற்கு எதிர்முனையில் தலைப்பு அலை. 2005-ல் ஸ்வீடனில் வெளியான ஒரு குற்ற நாவலின் மூலத் தலைப்புக்கு 'பெண்களை வெறுக்கும் ஆண்கள்' என்று பொருள். 2008-ல் ஆங்கிலத்துக்கு வந்தபோது 'தி கேர்ள் வித் தி டிராகன் டாட்டூ' ஆயிற்று. 2012-ல் 'கான் கேர்ள்', 2015-ல் 'தி கேர்ள் ஆன் தி டிரெயின்'. பின்னிரண்டின் பலம் நம்பத்தகாத கதைசொல்லி; அதாவது, சொல்பவர் மறைக்கிறார் அல்லது அவருக்கே முழுதாகத் தெரியாது, வாசகர் இடைவெளியை மோப்பம் பிடிக்க வேண்டும். அதைக் கட்டுவது கடினம். தலைப்பில் 'கேர்ள்' சேர்ப்பது சுலபம். அப்படிப்பட்ட தலைப்புகள் குவிந்தன. முதல் புத்தகத்தின் மூலத் தலைப்பிலேயே அந்தச் சொல் கிடையாது என்பதை நினைத்தால், மொழிபெயர்ப்பில் வந்து ஒட்டிய ஈயைத்தான் இத்தனை பேர் அடித்திருக்கிறார்கள்.

சட்டம் கோடு போடும் இடம்

சட்டத்தின் அடிப்படை எளிது: கருவுக்கு உரிமை இல்லை, வெளிப்பாட்டுக்கு உண்டு. கோடு எங்கே என்பதுதான் கஷ்டம். 1930-ல் அமெரிக்க நீதிபதி லேர்னட் ஹாண்ட் ஒரு நாடக வழக்கில் இதை நன்றாக விளக்கினார். ஒரு நாடகத்திலிருந்து சம்பவ விவரங்களைக் கொஞ்சம் கொஞ்சமாகக் கழித்துக்கொண்டே போனால், கடைசியில் "இரு சமயத்துப் பிள்ளைகள் காதலிக்கிறார்கள், பெற்றோர் எதிர்க்கிறார்கள்" என்ற அளவுக்கு வந்து நிற்கும். அந்த உயரத்தில் யாருக்கும் உரிமை இல்லை. இந்திய உச்ச நீதிமன்றமும் 1978-ல் ஆர்.ஜி. ஆனந்த் வழக்கில் கரு, கதைப்பொருள், வரலாற்றுச் செய்தி ஆகியவற்றுக்குப் பதிப்புரிமை இல்லை என்றது. இரண்டையும் பார்த்த ஒரு சாதாரண ஆளுக்கு "இது அதன் பிரதிதான்" என்று ஐயமறத் தோன்றுகிறதா என்பதை அளவுகோலாக வைத்தது.

நடைமுறையில் ஒரு நல்ல உதாரணம் 2002-ல் ரஷ்யாவில் தொடங்கிய தான்யா குரோட்டர் கதைகள். மந்திரப் பள்ளிக்குப் போகும் கண்ணாடி போட்ட அநாதைச் சிறுமி. ஹாரி பாட்டருக்கு நெற்றியில் தழும்பு, இவளுக்கு மூக்கில் மச்சம். அவன் பறப்பது துடைப்பத்தில், இவள் பறப்பது ஒரு பெரிய நரம்பிசைக் கருவியில். ஆசிரியர் அதைப் பகடி என்றார். 2003-ல் நெதர்லாந்து நீதிமன்றம் அதை ஏற்காமல், டச்சு மொழிபெயர்ப்பை வெளியிடத் தடை விதித்தது. மந்திரப் பள்ளி பொதுச் சொத்து. ஆனால் தழும்பு இருந்த கணக்கில் மச்சம், துடைப்பம் இருந்த கணக்கில் வாத்தியம் என்று ஒன்றுக்கொன்று ஈடு வைத்துக்கொண்டே போனால் வரைபடம் கையில் இருந்தது வெளிப்பட்டுவிடும்.

தேர்வுத்தாள் திருத்துபவர்களுக்கு இது தெரியும். இரண்டு மாணவர்களின் சரியான விடை ஒத்துப்போனால் ஒன்றும் நிரூபணமாகாது. ஒரே மாதிரித் தவறு ஒத்துப்போனால் கதை முடிந்தது. கதைகளிலும் தேவையால் வந்த ஒற்றுமையை ஒதுக்கிவிட்டு, தேவையே இல்லாத ஒற்றுமையைத் தேட வேண்டும். துப்பறியும் கதையில் பிணம் இருப்பது ஒற்றுமை அல்ல. இரண்டு கதைகளிலும் பிணத்தின் இடக்கைச் சுண்டுவிரலில் மட்டும் மை இருந்தால் விசாரிக்கலாம்.

பக்கத்து வீட்டுச் சொற்கள் சிலவற்றையும் சொல்லிவிடுகிறேன். மூலம் தெரியவேண்டும் என்றே, சிரிக்கவைக்க அதைக் கோணலாக்குவது பகடி. கேலியில்லாமல் ஒருவரின் நடையில் எழுதிப் பார்ப்பது பாணிப் போலி. பிறர் படைத்த பாத்திரங்களை வைத்து ரசிகர்கள் எழுதிப் பகிர்வது ரசிகர் புனைவு. 2011-ல் வந்த 'ஃபிஃப்டி ஷேட்ஸ் ஆஃப் கிரே' அப்படித் தொடங்கி, பெயர்களை மாற்றிக்கொண்டு நாவலானது. மூலத்தை மறைத்துச் சொந்தமென்று காட்டுவதுதான் இலக்கியத் திருட்டு. பகடிக்கு மூலம் தெரிந்தால்தான் பிழைப்பு, திருட்டுக்குத் தெரியாதிருந்தால்தான்.

பின்பற்றி எழுதப் போகிறவருக்கு

பிடித்த கதையைக் காட்சி காட்சியாகப் பிரித்து, ஒரு காட்சிக்கு ஒரு வரி எழுதுங்கள்: யாருக்கு என்ன வேண்டும், எது தடுத்தது, முடிவில் என்ன மாறியது. ஒரு நாவலுக்கு ஐம்பது, அறுபது வரிகள் வரலாம். பிறகு ஒவ்வொரு விவரத்தையும் மனதால் எடுத்துப் பாருங்கள். எடுத்ததும் பின்னால் ஏதாவது சரிந்தால் அது தூண். ஒன்றும் ஆகவில்லை என்றால் ஈ, விட்டுவிடுங்கள்.

அடுத்து, ஒரு தூணை மாற்றுங்கள். வாட்சன் கதை சொல்வதற்குப் பதில் குற்றவாளியின் தங்கை சொல்கிறாள் என்று வைத்துக்கொண்டால், அவளுக்கு எது தெரியும், எதை மறைப்பாள், துப்பறிவாளர் அவளிடம் எதைச் சொல்வார் என்று முப்பது காட்சிகள் தாமாகவே இடம் மாறும். மாற்றிய பிறகும் மீதிக் காட்சிகள் அசையாமல் நின்றால் நீங்கள் செய்தது வெள்ளையடிப்பு மட்டுமே. எழுதத் தொடங்கியதும் மூலத்தை மூடி வையுங்கள். பக்கத்தில் விரித்து வைத்து எழுதினால் வாக்கியத்தின் தாளம் வரை தொற்றிக்கொள்ளும், எழுதுபவருக்கே தெரியாமல்.

வழக்கமாகச் சறுக்கும் இடங்களில் ஒன்று அளவைக் கூட்டுவது. மூலத்தில் ஒரு கொலை என்றால் இதில் ஏழு. ஒரு திருப்பம் என்றால் நான்கு. திருப்பம் என்பது வாசகர் முன்பு நம்பியதை உடைப்பது. நம்ப அவகாசம் கொடுக்காமல் உடைத்தால் சத்தம் மட்டுமே மிஞ்சும். மூன்று வெற்றிகளிலிருந்து ஒவ்வோர் அம்சம் எடுத்து ஒட்டுவதும் அப்படித்தான். மூன்று சட்டைகளிலிருந்து கை, காலர், பை என்று வெட்டித் தைத்தால் யாருக்கும் சேராது.

போலியின் விளைவு சில சமயம் மூலத்துக்குள்ளேயே திரும்பி வருவதும் உண்டு. ஸ்பெயினின் செர்வான்டெஸ் எழுதிய 'டான் கிஹோத்தே' நாவலின் முதல் பாகம் 1605-ல் வந்தது. செர்வான்டெஸ் இரண்டாம் பாகத்தை எழுதிக்கொண்டிருக்கும்போதே, 1614-ல் அவெய்யனெதா என்ற புனைபெயரில் எவரோ ஒரு போலி இரண்டாம் பாகத்தை வெளியிட்டார். அவர் யார் என்பது இன்றுவரை முடிவாகவில்லை. செர்வான்டெஸின் கதையில் நாயகன் சரகோசா நகரத்துக்குப் போவதாக ஏற்பாடு. போலியிலும் அவன் அங்கே போய்விட்டான். 1615-ல் வந்த உண்மையான இரண்டாம் பாகத்தில், வழியில் ஒரு விடுதியில் நாயகன் காதில் அந்தப் போலிப் புத்தகத்தைப் பற்றிய பேச்சு விழுகிறது. புரட்டிப் பார்க்கிறான். சரகோசாவில் இனி காலே வைக்கப் போவதில்லை என்று சொல்லிவிட்டு, பார்சிலோனாவை நோக்கிக் குதிரையைத் திருப்புகிறான்.